36 காலடித் தூரம்





பார்வையை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்னும் உபதேசம் இந்நாட்களில் பிரசங்க பீடங்களில் அடிக்கடி ஒலிக்கிறது. வாலிபர் முகாமிலும் குடும்பக் கூடுகையிலும் தலைமைத்துவப் பயிற்சியிலும் இதையே கேட்கிறோம். கேட்பதற்கு இனிமையான உபதேசம் இது. எவரையும் புண்படுத்தாது, எவரிடமும் எதையும் கேட்காது. கேட்டவர் உள்ளம் மகிழ்ந்து வீடு திரும்பலாம். திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல் வாழலாம்.

இது பாதி உண்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பாதி உண்மை மறுபாதியை மூடி மறைக்கும்போது முழுப் பொய்யைவிட மிகுந்த கேட்டை விளைவிக்கிறது. மனிதன் எதை எவ்வாறு காண்கிறான் என்பது அவன் எங்கே நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. நிற்கும் இடத்தை விட்டு ஓர் அடியும் நகராமல் பார்வையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று போதிப்பது சுவிசேஷம் ஆகாது. அது மனத்துக்குத் தடவும் தைலம் மட்டுமே. இவ்வார தியானத்தில் இதை வேதத்திலிருந்தும், நாம் வாழும் இந்த நாஞ்சில் மண்ணின் வரலாற்றிலிருந்தும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வெட்டுக்கிளிகளும் ராகாபும்

பார்வையைப் பற்றிப் பேசுகிற எவரும் முதலில் எடுப்பது எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தைத்தான். கானானை வேவு பார்க்கப் பன்னிரண்டு பேர் அனுப்பப்பட்டார்கள். பத்துப் பேர் அஞ்சித் திரும்பினார்கள். யோசுவாவும் காலேபும் துணிந்து நின்றார்கள். ஆகவே நேர்மறையாகச் சிந்தியுங்கள், உங்களைச் சிறியவராக எண்ணாதிருங்கள் என்று பிரசங்கம் முடிந்துவிடும்.

அப்பகுதியைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பத்துப் பேர் கண்ட செய்திகளில் அடிப்படையானவை பொய்யல்ல. பட்டணங்கள் அரணானவை, ஏனாக்கின் புத்திரர் நெடியவர்கள், தேசம் செழிப்பானது. எஸ்கோலின் திராட்சைக் குலையை இருவர் தடியில் சுமந்து வந்தார்கள். இவற்றைக் காலேபும் கண்டான், மறுக்கவும் இல்லை. பிழை எங்கே நுழைந்தது? தங்கள் கண்களுக்குத் தாங்கள் வெட்டுக்கிளிகளாகத் தோன்றியதாக அவர்கள் அறிக்கை செய்தார்கள். அதோடு நில்லாமல், அந்த தேசத்தாரின் கண்களுக்கும் அப்படியே தோன்றினோம் என்றார்கள். பிறருடைய கண்ணுக்குள் புகுந்து பார்த்தவர்கள் போலச் சாட்சி சொன்னார்கள். அந்த தேசத்தார் எவரிடமாவது அவர்கள் இதைக் கேட்டறிந்ததாக வேதத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

உண்மை என்ன என்பதை நாற்பது ஆண்டுகளுக்குப் பின் எரிகோவின் ராகாப் சொல்லுகிறாள். யோசுவா 2-ஆம் அதிகாரத்தில் வேவுகாரருக்கு அடைக்கலம் கொடுத்த அந்தப் பெண், செங்கடல் வற்றிய செய்தி கேட்ட நாள் முதல் தன் ஜனங்கள் இஸ்ரவேலைக் குறித்து நெஞ்சம் உருகி நடுங்கியிருந்தார்கள் என்று தெரிவிக்கிறாள். வெட்டுக்கிளிகளாகத் தங்களை எண்ணியவர்களைப் பார்த்து அரணான பட்டணத்தார் அஞ்சிக்கொண்டிருந்தார்கள்! இந்தச் செய்தி அன்றே கிடைத்திருக்கும். ஒரு வீட்டின் கதவைத் தட்டி, ஒரு மனுஷியோடு அமர்ந்து பேசியிருந்தால் போதும். நாற்பது நாள் தேசமெங்கும் சுற்றினார்கள். ஒருவரையும் அருகில் நெருங்கி அறிந்ததாகத் தெரியவில்லை.

தனிமனித வளர்ச்சிக்கு இதில் உள்ள பாடம் நேர்மறைச் சிந்தனையைவிட ஆழமானது. நம்மில் பலருடைய தாழ்வு மனப்பான்மை, பிறர் நம்மை எப்படிக் காண்கிறார்கள் என்று நாமே எழுதிக்கொண்ட கற்பனைச் சாட்சி. அதை வேறொரு இனிய கற்பனையால் அழிக்க முடியாது. கண்ணாடி முன் நின்று, என்னால் முடியும் என்று நூறு முறை சொன்னாலும் எரிகோ நெருங்கி வருவதில்லை. கதவைத் தட்ட வேண்டும், கேட்க வேண்டும், வாக்குத்தத்தம் தந்தவரை நம்பி நடக்க வேண்டும். யோசுவாவையும் காலேபையும் வேறுபடுத்தியது தன்னம்பிக்கை என்று சொல்லுகிறவர்கள் அவர்களுடைய வார்த்தைகளை மறுபடி வாசிக்கட்டும். அவர்கள் தங்கள் பலத்தை ஆதாரமாகக் காட்டவில்லை. கர்த்தர் தங்களோடு இருக்கிறார் என்பதையே பேசினார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் சாதாரணர் அல்லர்; கோத்திரத் தலைவர்கள். தலைவர்களின் கோணலான பார்வைக்கு விலை கொடுத்தவர்கள் யார்? நாற்பது ஆண்டுகள் வனாந்தரத்தில் அலைந்த முழு ஜனமும் கொடுத்தது.

காலடியால் அளக்கப்பட்ட மனிதர்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். கொட்டாரத்தில் வாழும் நாம் திருவிதாங்கூர் வரலாற்றைப் புத்தகத்தில் மட்டும் தேட வேண்டியதில்லை. மயிலாடியும் சாமிதோப்பும் நாம் நடந்து போகக்கூடிய ஊர்கள். இங்குப் பணிசெய்த மிஷனரி சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில் அக்காலத் தீண்டாமையின் அளவுகளைப் பதிவு செய்திருக்கிறார். நம்பூதிரியிடமிருந்து மரமேறும் குலத்தார் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும். புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், ஒரு மனிதன் மற்றொரு மனிதனைப் பார்ப்பதற்கான தூரம் காலடிக் கணக்கில் வகுக்கப்பட்டிருந்தது!

96 காலடி தொலைவில் நிற்கிறவனின் முகம் தெரியுமா? அவன் கண்ணீர் தெரியுமா? உருவம் மட்டும் தெரியும். குலத்தின் பெயர் மட்டும் நினைவுக்கு வரும். இவ்வாறு தூரம் முதலில் விதிக்கப்பட்டது. பார்வை அதற்குப் பிறகு வந்தது. தூரத்தில் நிறுத்தப்பட்டதால் அவன் இழிந்தவனாகத் தோன்றினான். இழிந்தவனாகத் தோன்றியதால் இன்னும் தூரத்தில் நிறுத்தப்பட்டான். இந்தச் செக்கு பல நூற்றாண்டுகள் சுற்றியது. அந்த மனிதனிடம் போய், உன் பார்வையை மாற்றிக்கொள், உன் வாழ்க்கை மாறும் என்று உபதேசிப்பது எவ்வளவு கொடுமை!

பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவில் மயிலாடியில் வாழ்ந்த மகாராசன் என்பவர் என்ன செய்தார்? சாம்பவர் குலத்தில் பிறந்த அவர் மெய்ப்பொருளைத் தேடிச் சிதம்பரம் வரை யாத்திரை போனார். தேடியது அங்கே கிடைக்கவில்லை. தஞ்சைப் பகுதியில் உறவினரைக் காணச் சென்ற இடத்தில் சுவிசேஷத்தைக் கேட்டார். திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊருக்குத் திரும்பிச் சும்மா இருக்கவில்லை. தம் ஜனத்துக்கு ஒரு போதகர் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அழைப்பின் விளைவாக ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே இந்நாட்டுக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே 1816-இல் விடைபெற்றபோது, சபைகளைக் கவனிக்கும் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே விட்டுச் சென்றார். உடுத்த நல்ல மேலங்கிகூட இல்லாமல், நாட்டு ஓலைத் தொப்பியுடன் புறப்பட்டுப் போன அந்த மனிதர், தூரத்தில் தள்ளி நிறுத்தப்பட்ட குலத்திலிருந்து ஒரு திருச்சபைத் தலைவரைக் கண்டார். அருகில் வந்ததால் கண்டார். அவரோடு இருந்து, அவரோடு நடந்ததால் கண்டார். தூரத்தில் இருந்துகொண்டு நல்லெண்ணம் மட்டும் கொண்டவருக்கு இந்தக் காட்சி கிட்டியிராது.

துணியான பார்வை

தோள்சீலைப் போராட்டத்தை நாம் பெருமையோடு நினைவுகூருகிறோம். அதன் உட்பொருளை எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? நாடார் குலப் பெண்களும் அவர்களுக்குக் கீழாக வைக்கப்பட்ட பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்பது அக்கால வழக்கம். மேல்குலத்தார் முன் மரியாதையின் அடையாளமாக அது கருதப்பட்டது. அப்பெண்களின் உடல் அவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை. அது ஆள்வோரின் பார்வைக்குத் தரவேண்டிய வரியாக இருந்தது.

கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில் கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. அணிந்தவர்கள் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டார்கள்; ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1829-இல் வந்த அரச ஆணை குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடைசெய்தது. 1858-இன் இறுதியில் மீண்டும் கலகம் மூண்டது. 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. எந்த மதத்தைச் சார்ந்த நாடார் பெண்களும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. ஆனால் அதிலேயே ஒரு நிபந்தனை இருந்தது: உயர்குலப் பெண்கள் அணியும் முறையில் அணியக்கூடாது. மறைக்க அனுமதி உண்டு. சமமாகத் தோன்ற அனுமதி இல்லை. சட்டம் இறங்கி வந்தபோதும் கண் இறங்கி வரவில்லை.

இந்த வரலாற்றில் பார்வைக்கு இடம் உண்டா? நிச்சயமாக உண்டு. தேவசாயலில் படைக்கப்பட்டவள் நான் என்று அந்தப் பெண் முதலில் உள்ளத்தில் காண வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் காட்சி உள்ளத்திலேயே தங்கியிருந்தால் ஒன்றும் மாறியிருக்காது. அது துணியாக வேண்டியிருந்தது, தைக்கப்பட வேண்டியிருந்தது, அடிபடும் என்று தெரிந்தும் அதை அணிந்து தெருவில் நடக்க வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னிப் பெற்ற கூலியால் அடிமைத்தனத்திலிருந்து மீட்சி பெற்ற பெண்களும் உண்டு. 1818-இல் வந்த சார்லஸ் மீட் வளர்த்த செமினரிப் பள்ளியே இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர். 1855-இல் திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஊசி, நூல், பலகை, ஆணை, இரத்தம் ஆகிய இத்தனையும் சேர்ந்தபோதுதான் வாழ்க்கை மாறியது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுப் பார்வையை மட்டும் பிரசங்கிக்கிறவர்கள் நம் பாட்டிமாரின் தழும்புகளைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள்.

நம் அண்டை ஊரான சாமிதோப்பைப் பாருங்கள். ஐயா வைகுண்டரின் (1809–1851) வழியைப் பின்பற்றுவோர் அங்கே கண்ணாடியின் முன் நின்று வழிபடுகிறார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டி உள்ளே செல்கிறார்கள். நம் விசுவாசம் வேறு. அதில் மயக்கம் வேண்டாம். ஆயினும் குனிந்து நிற்கக் கட்டளையிடப்பட்ட ஜனத்தின் தலையில் தலைப்பாகை ஏறியதன் பொருள் நமக்கு விளங்காமல் போகக்கூடாது. அக்கால மிஷன் அறிக்கைகள் அவரைத் தங்கள் பணிக்கு இடையூறாகவே கண்டன. ஒரே அடிமைத்தனத்தின் கீழ் நைந்த ஒரே ஜனத்தின் ஏக்கத்தை அவர் இயக்கத்தில் காண அவை தவறிவிட்டன.

அறிஞரின் கண்ணும் குருடாகலாம்

தலைமைத்துவத்துக்கு வருகிறேன். கற்றறிந்த தலைவரின் பார்வை தானாகவே தெளிவாக இருக்கும் என்று எண்ணாதிருங்கள். இடையன்குடியில் பணிசெய்த ராபர்ட் கால்டுவெல் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். தமிழின் தனித்தன்மையை உலகுக்கு எடுத்துக்காட்டிய நூல் அது. அதே மனிதர் 1849-இல் தம் சபை மக்களான திருநெல்வேலி நாடார்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அம்மக்களின் அறிவையும் பண்பையும் மிகத் தாழ்வாகச் சித்திரித்தார். அது அம்மக்களை ஆழமாகக் காயப்படுத்தியது. எதிர்ப்பு பல ஆண்டுகள் நீடித்தது. சட்டாம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் மிஷனரிகளின் ஆதிக்கத்தை எதிர்த்துத் தனிச்சபையையே தொடங்கினார்.

சொற்களின் வேரைக் கண்ட கண்ணுக்கு, அச்சொற்களைப் பேசிய மனிதரின் உயரம் தெரியவில்லை. இது ஒருவரை இகழ்வதற்காகச் சொல்லப்படுவதன்று. அவர் செய்த நன்மை பெரிது. நல்ல மேய்ப்பருக்கும் இது நேரிடும் என்பதை அறிந்துகொள்ளவே சொல்லுகிறேன்.

சார்லஸ் மீட் ஐயரின் வாழ்வில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் உழைத்த அவர், மனைவியை இழந்த பின், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவப் பெண்ணை 1850-களின் தொடக்கத்தில் மணந்தார். உடன் ஊழியர்களால் அதை ஏற்க இயலவில்லை. அவர் மிஷன் சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. அந்தக் குலத்தாருக்குப் போதிக்கலாம், பள்ளி கட்டலாம், அவர்களுக்காக அரசரிடம் மன்றாடலாம். அவர்களோடு ஒரே குடும்பமாகலாகாது! இரக்கம் எவ்வளவு தூரம் வரை வரும், எங்கே நின்றுவிடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

சாமுவேல் தீர்க்கதரிசியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெத்லெகேமில் ஈசாயின் மூத்த மகன் எலியாபைக் கண்டவுடன் இவனே அபிஷேகம் பெற்றவன் என்று எண்ணினார். ஏன்? முன்பு அவர் அபிஷேகம் செய்த சவுல் ஜனத்தாருக்குள் மற்றெல்லாரையும்விட உயரமானவன். சவுலால் வந்த துக்கம் இன்னும் ஆறவில்லை. ஆனால் சவுலை அளந்த கோலையே சாமுவேல் கையில் வைத்திருந்தார். கர்த்தர் தடுத்தார். ஆடு மேய்க்கப் போயிருந்தவன், தகப்பனாலேயே வரிசையில் நிறுத்தப்படாதவன், அழைத்து வரப்பட்டான்.

சபை சங்கத் தேர்தல் வருகிறபோது நாம் எந்தக் கோலை எடுக்கிறோம்? ஜெபிக்கிறவர் யார், கணக்கில் நேர்மையானவர் யார், ஏழையின் வீட்டு வாசலை மிதிப்பவர் யார் என்றா கேட்கிறோம்? நம்மவர் யார், எந்தக் குடும்பம், எத்தனை ஓட்டு, வெளிநாட்டுப் பணம் எவ்வளவு என்றல்லவா கேட்கிறோம்? யாக்கோபு தம் நிருபத்தில் பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இருக்கையும் கந்தை அணிந்தவனுக்குக் காலடியும் காட்டிய சபையைக் கண்டித்தார். அந்தச் சபை மறைந்துபோனது என்று யார் சொன்னது?

குணமானவனை அடையாளம் காணாத அயலார்

உறவுகளைக் குறித்து யோவான் 9-ஆம் அதிகாரம் ஒரு விந்தையைச் சொல்லுகிறது. பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் பாவமோ பெற்றோர் பாவமோ என்று ஒரு வினாவைக் கண்டார்கள், மனிதனைக் காணவில்லை. அவன் பார்வை பெற்றுத் திரும்பியபோது, நாள்தோறும் அவனைப் பார்த்த அயலார், இவன்தானா அவன் என்று தங்களுக்குள் வாதிட்டார்கள். சிலர் அவனைப் போன்ற வேறொருவன் என்றார்கள். அவன் முகம் மாறவில்லையே! அவர்கள் இதுவரை கண்டது நீட்டிய கையையும் பிச்சையையும்தான். முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நான்தான் அவன் என்று அவனே சொல்ல வேண்டியதாயிற்று.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த மகனை, அவன் முப்பது வயதில் நல்ல உழைப்பாளியாக நிற்கும்போதும் அந்த மதிப்பெண்ணாகவே காண்கிற தகப்பன் உண்டு. குடியை விட்டு ஆறு ஆண்டுகள் ஆனவரைக் குடிகாரன் வீடு என்றே அடையாளம் சொல்லும் தெரு உண்டு. வளைகுடா நாட்டில் வெயிலில் உழைப்பவரை மாதாந்தரப் பணமாக மட்டும் அறியும் குடும்பம் உண்டு. ஒரே கூரையின் கீழும் 36 காலடித் தூரம் இருக்கலாம், சபையாரே.

சபைக்குள் இருக்கும் தூரம் இன்னும் கொடிது. வரன் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். கிறிஸ்தவர் என்னும் சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயர் நிற்கிறது. அசன விருந்தில் ஒரே பந்தியில் உண்கிறோம். ஒரே அப்பத்தைப் பிட்கிறோம். பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரும்போது, அதெல்லாம் வேறு ஐயா என்கிறோம். மீட் ஐயரை விலகவைத்த அதே கோட்டில் நாம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறோம்.

தேசத்தின் சட்டத்தையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கே தரப்பட்டது, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது, கிறிஸ்தவருக்கு இல்லை. அரசின் கண்ணுக்கு அந்தச் சகோதரர் கிறிஸ்தவர். ஆகவே சாதி அற்றவர், உரிமையும் அற்றவர். சபையின் கண்ணுக்கோ அவர் தலித். ஆகவே சம்பந்தத்துக்கு உரியவரல்லர். இரண்டு கண்களும் சேர்ந்து ஒரு மனிதனைக் காணாமலாக்குகின்றன. அரசின் ஆணையைக் கண்டித்து நாம் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம், அது தகும். நம் வீட்டின் ஆணையை யார் கண்டிப்பது?

சிலர் சொல்லுவர்: பழையதை ஏன் கிளறுகிறீர்கள்? காலம் மாறிவிட்டது; பேசாமல் விட்டால் தானாக மறையும். நான் கேட்கிறேன்: தோள்சீலையை நினைத்துப் பெருமைப்படும்போது பழையதைக் கிளறுவது இனிக்கிறது, அதே பழையது நம்மைக் கேள்வி கேட்கும்போது மட்டும் கசக்கிறதா? புண்ணைப் பேசாமல் விட்டால் ஆறும் என்பது எந்த வைத்தியம்? வேறு சிலர், எங்கள் மனத்தில் பாகுபாடு இல்லை, எல்லாரையும் சமமாகவே பார்க்கிறோம் என்பர். நல்லது. அந்தச் சமப் பார்வை உங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழில் எப்போது அச்சாகும்?

அருகில் வருகிற தேவன்

மயிலாடிக் கல்தச்சரைப் பற்றிப் பேசாத பிரசங்கியார் நம் பகுதியில் இல்லை. சிற்பி கல்லுக்குள் சிலையைக் காண்கிறான் என்பர். அவன் அதற்கு முன் என்ன செய்கிறான் என்பதை ஏனோ சொல்லுவதில்லை. கல்லின் அருகே குனிகிறான். தட்டி ஓசை கேட்கிறான். கையால் தடவிப் பழுது தேடுகிறான். கல்லுக்கே இவ்வளவு நெருக்கம் வேண்டுமானால் மனிதனுக்கு எவ்வளவு வேண்டும்!

கர்த்தராகிய இயேசு கிறிஸ்து பரலோகத்தில் இருந்துகொண்டே நம்மைக் குறித்து நல்ல பார்வை கொண்டிருக்கக்கூடும். அது போதாதென்று மாம்சமானார். தூரத்தில் நிற்கும்படி விதிக்கப்பட்ட குஷ்டரோகியைக் கை நீட்டித் தொட்டார். அவர் சொன்ன உவமையில், தகப்பன் தூரத்தில் வருகிற மகனைக் கண்டான். கண்டதோடு நிற்கவில்லை, ஓடினான். ஊர்ப் பெரிய மனிதர் ஓடுவது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்ட சமுதாயத்தில் ஓடினான். கண்டதற்கும் கட்டி அணைத்ததற்கும் நடுவில் இருந்த தூரத்தைத் தன் கால்களால் கடந்தான். வேதம் போதிக்கும் பார்வை மாற்றம் இதுவே.

மாற்கு 8-ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதாவின் குருடனை ஆண்டவர் கைபிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப் போனார். தொட்டு, என்ன காண்கிறாய் என்று கேட்டார். மனிதர் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்றான் அவன். பார்வை வந்துவிட்டது என்று நன்றி சொல்லிப் போயிருக்கலாம். முன்பைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் உள்ளதைச் சொன்னான். ஆண்டவர் இரண்டாம் முறை தொட்டார். யாவரையும் தெளிவாகக் கண்டான்.

குமரி மண்ணின் திருச்சபைக்கு முதல் தொடுகை 1809-இல் மயிலாடியில் கிடைத்தது. அடிமைகள் மனிதரானார்கள், பெண்கள் தலைநிமிர்ந்தார்கள், பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுந்தன. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் மனிதர் இன்னும் நமக்கு மரங்களாகத் தெரிகிறார்கள்: குல மரங்கள், குடும்ப மரங்கள், ஓட்டு மரங்கள். முதல் தொடுகையின் நூற்றாண்டு விழாக்களைக் கொண்டாடிக்கொண்டே இரண்டாம் தொடுகையைத் தவிர்த்து வருகிறோம். எல்லாம் தெரிகிறது ஆண்டவரே என்று சொல்லுகிற வாயால் குணம் வராது.

ஆகவே இந்த வாரம் பார்வையைப் பற்றிச் சிந்திப்பதோடு நிற்காதிருங்கள், நடவுங்கள். நம் சேகரத்தில் நீங்கள் இதுவரை வாசல் மிதியாத ஒரு வீட்டுக்குப் போங்கள். உதவி கொடுக்கப் போக வேண்டாம். அமர்ந்து அவர்கள் தரும் காப்பியைக் குடித்து, அவர்கள் சொல்லுவதைக் கேட்டு வாருங்கள். வீட்டில் ஒருவரைக் குறித்து நீங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பட்டப்பெயரை நிறுத்துங்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடும் முன், சவுலை அளந்த கோல் உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். மணவயதில் பிள்ளைகள் உள்ளவர்கள், எந்த வரனை எந்தக் காரணத்துக்காகத் தள்ளினோம் என்று தேவசமுகத்தில் உரத்துச் சொல்லிப் பாருங்கள். அவருடைய சமுகத்தில் சொல்லக் கூசுகிற காரணம், அவருடைய ஜனத்தின் நடுவே நிற்கத் தகாத காரணம்.

ஜெபிப்போம்: கைபிடித்து நடத்துகிற ஆண்டவரே, எங்களுக்கு ஓரளவு தெரிகிறது, தெளிவாகத் தெரியவில்லை. மனிதரை மரங்களாகவே காண்கிறோம் என்று அறிக்கை செய்கிறோம். எங்களை மறுபடியும் தொடும். நாங்கள் விட்டுவைத்த தூரத்தைக் கடக்க எங்கள் கால்களுக்குத் துணிவு தாரும். ஆமென்.